கரண்ட் போனால் ஜெனரேட்டர்: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் நெருங்குவதால் இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டு ஜெனரேட்டரைப் பற்றியே வந்திருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். உயிரோடு விளையாடும் விஷயம் என்பதால் முதல் இரண்டு பதில்கள் சற்று நீளம். தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் எங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். அப்போது கரண்ட் இல்லாமல் பட்ட பாட்டில் 2.8 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினோம். நனையக் கூடாது என்று கிரில் போட்ட முன் வராண்டாவில் வைத்து ஓட்டுகிறோம். ஜன்னல்களைத் திறந்துதான் வைக்கிறோம். அப்படியும் போன முறை மாமனாருக்குத் தலைவலி, குமட்டல். புகை நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லையா?
– வாசகி, ஊத்தங்கரை

அம்மா, இன்றே அந்த ஜெனரேட்டரை வராண்டாவிலிருந்து வெளியே எடுங்கள். உங்கள் மாமனாருக்கு வந்தது கார்பன் மோனாக்சைடு நஞ்சின் முதல் அறிகுறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீங்கள் முகரும் நாற்றம் பெட்ரோல் புகையின் மற்றப் பொருட்களுடையது. நாற்றம் குறைந்துவிட்டது என்பதால் வாயுவும் போய்விட்டது என்று எண்ணக் கூடாது.

ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். மூச்சு நன்றாகத்தான் ஓடும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்ஸிஜன் போகாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கை கால் தளர்ச்சி, பிறகு குழப்பம், மயக்கம் என்று அது முற்றும். தூங்குகிறவர்களுக்கு இந்த அறிகுறிகள் தெரியவே தெரியாது. இரவில் நடக்கும் சாவுகளுக்கு அதுதான் காரணம்.

ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது. சின்ன பெட்ரோல் இன்ஜின்களில் காரில் இருப்பதுபோல் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இருப்பதில்லை. அதனால் அவை விடும் கார்பன் மோனாக்சைடு மிக அதிகம். வராண்டா, போர்டிகோ, கார் ஷெட், மாடிப்படிக்குக் கீழ், பாதி மூடிய மொட்டை மாடிக் கொட்டகை என எதுவுமே கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, திறந்த வெளியில், சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று உங்கள் வீட்டுப் பக்கம் வீசினால் இடத்தை மாற்றுங்கள். அந்தப் பக்க ஜன்னல்களைச் சாத்துவது கூடுதல் காப்பு, அவ்வளவே.

மழைக்கு என்ன செய்வது? நான்கு கம்பம் நட்டு, மேலே ஒரு தகரம் அல்லது சிமென்ட் ஷீட், நான்கு பக்கமும் திறப்பு. ஷீட் இன்ஜினுக்கு மேலே குறைந்தது 3 அடி உயரத்தில் இருக்கட்டும். தரையில் தண்ணீர் ஓடும் என்பதால் செங்கல் அடுக்கி அரை அடி மேடை கட்டுங்கள். மேடை மட்டமாக இருக்க வேண்டும். சாய்வாக வைத்தால் ஆயில் சென்சார் "ஆயில் இல்லை" என்று எடுத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்திவிடும். தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு ஓட்டுவது தீ விபத்துக்கு வழி.

ஒருவர் மயங்கினால் உடனே திறந்த வெளிக்குத் தூக்கி வாருங்கள், 108-ஐ அழையுங்கள், "ஜெனரேட்டர் புகை" என்று சொல்லுங்கள். அந்தச் சொல் முக்கியம். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மருத்துவமனையில் முகமூடி வழியே முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ரத்தத்தில் உள்ள நஞ்சு ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். சாதாரணக் காற்றில் அதற்கு 4, 5 மணி நேரம் பிடிக்கும். உங்கள் மாமனாரையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் எலக்ட்ரீஷியன் இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு வயர் செய்து கொடுத்திருக்கிறார். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை பிரிட்ஜ் பாயிண்டில். வீடு முழுக்கக் கரண்ட் வருகிறது. மெயினை இறக்கிவிட்டுத்தான் போடுகிறோம். ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. இதில் என்ன தவறு என்கிறார்கள்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ஐயா, அந்த வயரை இரண்டாக வெட்டி எறிந்துவிடுங்கள். இதைவிட மென்மையாகச் சொல்ல வழியில்லை.

உங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 அல்லது 22,000 வோல்ட்டை வாங்கி வீட்டு வோல்ட்டாக இறக்கித் தருகிறது. அதே டிரான்ஸ்பார்மர் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். உங்கள் ஜெனரேட்டரின் 230 வோல்ட் மெயினைத் தாண்டி வெளியே போனால், மறுபக்கம் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். அந்த நேரத்தில்தான் லைன்மேன் கம்பத்தில் இருப்பார். "லைன் ஆஃப்" என்று நம்பிக் கம்பியில் கை வைப்பார். கரண்ட் போகும் நேரமும் அவர் கம்பத்தில் ஏறும் நேரமும் ஒன்றுதான் என்பதை மறக்கக் கூடாது.

மெயினை இறக்கிவிட்டுத்தான் போடுகிறோம் என்கிறீர்கள். உங்கள் கை இறக்கும். இருட்டில் உங்கள் மகனோ, ஊரிலிருந்து வந்த விருந்தாளியோ போட்டால்? ஒருவரின் ஞாபகத்தை நம்பி இன்னொருவரின் உயிரை வைக்கக் கூடாது. பழைய மெயின்கள் சிலவற்றில் பேஸ் மட்டும் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே தொடரும். அப்போது இறக்கியும் முழுப் பாதுகாப்பு இல்லை.

வீட்டுக்குள்ளும் ஆபத்து இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடும்போது பிரிட்ஜ் பாயிண்டிலிருந்து பிளக் கழன்றால் அதன் பித்தளைப் பின்கள் வெளியே தெரிந்தபடி 230 வோல்ட்டில் இருக்கும். குழந்தை தொட்டால் போதும். மெயின் ஏறியிருக்கும்போது இ.பி. கரண்ட் திரும்பினால், இரண்டு மின்சாரமும் ஒத்துப்போகாமல் மோதி ஜெனரேட்டர் வைண்டிங் கருகும், சில நேரம் தீப்பிடிக்கும். ஒரே பாயிண்ட் வயர் முழு வீட்டு லோடையும் சுமப்பதால் சுவருக்குள் அந்த வயர் சூடேறும்.

சரியான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இரண்டு போல், 32 ஆம்பியர் போதும். பெரிய வீடென்றால் 63. பேஸ், நியூட்ரல் இரண்டையுமே மாற்றுவதாக இருக்க வேண்டும், அதனால்தான் இரண்டு போல் என்கிறோம். கைப்பிடி மூன்று நிலை: இ.பி., நடுவில் ஆஃப், ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேர இயந்திர அமைப்பே விடாது. யார் மறந்தாலும் தப்பு நடக்காது. இ.பி. மீட்டருக்கும் மெயினுக்கும் பிறகு, வீட்டு டி.பி. பெட்டிக்கு (ஒவ்வொரு அறைக்கும் கரண்டைப் பிரித்துத் தரும் பெட்டி) முன்பு இது வரும். மீட்டர் சீலைத் தொட வேண்டியதே இல்லை. லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துச் செய்யுங்கள்.

ஜெனரேட்டர் வயர் வந்து சேர, வெளிச்சுவரில் மூடி போட்ட இண்டஸ்ட்ரியல் இன்லெட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஆண் பின்கள் சுவரில் இருக்கும், பெண் முனை வயரில் இருக்கும். கையில் இருக்கும் வயரில் கரண்ட் உள்ள பின்கள் எப்போதும் வெளியே தெரியாது. 2.8 கே.வி.ஏ. என்றால் 12 ஆம்பியர், அதற்கு 2.5 சதுர மி.மீ., மூன்று கோர், ரப்பர் உறை போட்ட செம்பு வயர் எடுங்கள். 20 மீட்டருக்கு வோல்ட் இழப்பு 3, 4-க்குள் அடங்கும். சுருட்டி வைத்த நிலையில் ஓட்டாதீர்கள், உள்சுருள் சூடேறி உறை உருகும். வாசல் இடுக்கில், கார் டயருக்கடியில் நசுங்கவும் விடாதீர்கள்.

பழக்கிக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான். கரண்ட் போனதும் டி.பி.யில் எல்லா எம்.சி.பி.யையும் (ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் சின்ன சுவிட்சுகள்) இறக்குங்கள், சேஞ்ச் ஓவரை நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள். வெளியே போய் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து 2, 3 நிமிடம் சும்மா ஓட விடுங்கள். வோல்ட் மீட்டர் 220 முதல் 240-க்குள் நின்றதும் கைப்பிடியை ஜெனரேட்டர் பக்கம் தள்ளி, முதலில் லைட், பிறகு ஃபேன், கடைசியில் பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நிறுத்தும்போது இதன் தலைகீழ்: லோடை இறக்கி, சேஞ்ச் ஓவரை நடுவில் வைத்து, இன்ஜினை 2 நிமிடம் லோடு இல்லாமல் ஓட்டி அணைக்க வேண்டும். இ.பி. பக்கத்தில் ஒரு இண்டிகேட்டர் விளக்கு வைத்துவிட்டால் கரண்ட் திரும்பியது உடனே தெரியும்.

தெருவில் கம்பி அறுந்து தொங்கினால் கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். கரண்ட் இல்லாத நேரம்தானே என்று கம்பைக்கொண்டு தள்ள வேண்டாம். உங்கள் தெருவிலேயே யாரோ ஒருவர் இரட்டைப் பிளக் வயர் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் வீடு த்ரீ பேஸ் சர்வீஸ். ஜெனரேட்டர் சிங்கிள் பேஸ். மூன்று பேஸையும் ஒன்றாக லூப் போட்டால் எல்லா ரூமுக்கும் கரண்ட் வரும் என்கிறார் வயர்மேன். செய்யலாமா?
– வாசகர், தருமபுரி

நான்கு போல் சேஞ்ச் ஓவரில் ஜெனரேட்டர் பக்கம் அப்படி லூப் போடும் வழக்கம் உண்டு. ஆனால் வீட்டில் த்ரீ பேஸ் மோட்டார் ஒன்று இருந்தால் அது மூன்று முனையிலும் ஒரே பேஸை வாங்கிக்கொண்டு சுற்றாமல் நின்றுவிடும். அதன் ஸ்டார்ட்டரை ஜெனரேட்டர் ஓடும்போது சேராதபடி, சேஞ்ச் ஓவருக்கு முன்னாலேயே இ.பி. பக்கத்திலிருந்து தனியாக எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் சிபாரிசு வேறு: அவசியமான லைட், ஃபேன், பிரிட்ஜ், மோடம் ஆகியவற்றை ஒரே பேஸுக்கு மாற்றி, அந்த ஒன்றுக்கு மட்டும் ஜெனரேட்டர் கொடுங்கள். கீசரும் ஏ.சி.யும் தானாகவே வெளியே நின்றுவிடும், ஓவர்லோடு பயமும் இருக்காது.

போர் 600 அடி. 1.5 எச்.பி. சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள். அதையும் வீட்டையும் சேர்த்து ஓட்ட எத்தனை கே.வி.ஏ. வாங்க வேண்டும்?
– வாசகர், பென்னாகரம்

முதலில் வீட்டுக் கணக்கைப் போடுவோம். 4 ஃபேன் 300 வாட், 6 எல்.இ.டி. டியூப் 120, டி.வி. 100, பிரிட்ஜ் ஓடும்போது 150, மோடம் 10, மொத்தம் 680. நடுவில் மிக்ஸி போட்டால் 750 கூடும், ஆக 1,430. மோட்டார் லோடு கலந்த வீட்டில் கே.வி.ஏ.வை 0.8-ஆல் பெருக்கி வாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும், 2.8 கே.வி.ஏ. என்பது 2,240 வாட். அதிலும் முக்கால் பங்கு, அதாவது 1,700 வாட் அளவில் ஓட்டினால்தான் இன்ஜின் நெடுநாள் உழைக்கும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் "மேக்ஸிமம்". அது சில நிமிடத்துக்கான அளவு. "ரேட்டட்" என்று சின்ன எழுத்தில் இருப்பதையே கணக்கில் எடுங்கள்.

மோட்டார் கதை வேறு. 1.5 எச்.பி. சப்மெர்சிபிள் ஓடும்போது 9, 10 ஆம்பியர் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல் நான்கைந்து மடங்கு கேட்கும். 2.8 கே.வி.ஏ.யில் போட்டால் வோல்ட் விழும், மோட்டார் கிளம்பாமல் உறுமும், கண்ட்ரோல் பாக்ஸ் கெப்பாசிட்டரோ வைண்டிங்கோ போகும். 600 அடிக் கேபிளிலும் வோல்ட் இழப்பு உண்டு. இதற்கு 5 கே.வி.ஏ. குறைந்தபட்சம், 7.5 நிம்மதி. அவ்வளவு பெரிய இன்ஜினை வைத்துக்கொண்டு மற்ற நேரமெல்லாம் நாலு ஃபேன் ஓட்டினால் பெட்ரோல்தான் வீண். மழை எச்சரிக்கை வந்த அன்றே மேல்தொட்டியை நிரப்பிவிட்டு, வீட்டுக்கு மட்டும் 2.8 வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வாசகர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் கூடக் காற்று மெலிவதால் 300 மீட்டருக்கு சுமார் 3.5 சதவீதம் வீதம் இன்ஜின் சக்தி குறையும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கே பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

மூன்றாம் மாடி ஃபிளாட். அம்மாவுக்கு 5 லிட்டர் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது. பால்கனியில் சின்ன ஜெனரேட்டர் வைக்கலாமா?
– வாசகி, ஓசூர்

கூடாது. பால்கனிப் புகை உங்கள் அறைக்கும் மேல்மாடிக்கும்தான் வரும். கான்சென்ட்ரேட்டரோ அறைக் காற்றை இழுத்துத்தான் ஆக்ஸிஜன் தருகிறது. நஞ்சு கலந்த காற்றை அதன் வழியே அம்மாவுக்குக் கொடுப்பதாகிவிடும்.

அந்தக் கருவி சுமார் 350 வாட் இழுக்கும். சுத்தமான சைன் வேவ் இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏ.எச். பேட்டரி ஒன்று, அதற்கு மட்டும் தனியாக ஒதுக்குங்கள். நல்ல பேட்டரியில் சுமார் 3 மணி நேரம் ஓடும். அதோடு ரெகுலேட்டர் பூட்டிய ஒரு நிரம்பிய சிலிண்டர் கட்டாயம் வீட்டில் இருக்கட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே வரும், அன்று காலைக்குள் பேட்டரி முழுதாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கு ஜெனரேட்டர் கரண்ட் கொடுக்கிறோம். தரை எப்போதும் ஈரம். ஹியூமிடிஃபையரைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறோம், டெஸ்ட் பட்டன் அழுத்தினால் விழுகிறது. பிறகு ஏன் ஷாக்?
– வாசகர், பாலக்கோடு

கூர்மையான கேள்வி. பெரும்பாலான சிறு ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எர்த்தோடு சேர்க்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். கசியும் மின்சாரம் எர்த் வழியாக ஜெனரேட்டருக்குத் திரும்பப் பாதை இல்லை, அதனால் ஆர்.சி.சி.பி.க்குக் கசிவே தெரியாது. டெஸ்ட் பட்டனோ பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் வேலை செய்கிறது, எர்த் இல்லாவிட்டாலும் விழும். பட்டன் விழுந்தது என்பதால் காப்பு இருக்கிறது என்று பொருளில்லை.

முதல் வேலை, ஹியூமிடிஃபையரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுப்பது. அதுவரை யாரும் தொடக் கூடாது. அடுத்து, கையேட்டைப் பார்த்துவிட்டு, ஜெனரேட்டர் பக்கம் ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலையும் எர்த்தையும் வயர்மேன் இணைக்க வேண்டும். சேஞ்ச் ஓவர் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம், இல்லையென்றால் இ.பி. நியூட்ரலோடு கலந்து புதுக் குழப்பம் வரும். ஜெனரேட்டர் உடலையும் எர்த் செய்யுங்கள்.

நம் மாவட்டங்களில் நாலடி தோண்டினால் பாறை. ஒரு கம்பியை அடித்துவிட்டு எர்த் ஆயிற்று என்று போவது இங்கே செல்லாது. எர்த் டெஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் வர வேண்டும். வராவிட்டால் ஈரம் தங்கும் வேறு இடத்தில் குழி எடுத்து, பெண்டோனைட் போன்ற எர்த்திங் கலவை நிரப்பி, தேவைப்பட்டால் இரண்டு குழிகளைச் சேர்க்க வேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

புகை மனைக்குள் போகாமல் பார்ப்பது ஆட்களுக்கு மட்டுமல்ல, புழுக்களுக்கும் அவசியம். காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள்.

ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டு யூ.பி.எஸ். சார்ஜ் ஏறுவதில்லை. ஜெனரேட்டர் பழுதா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பழுதாக இருக்க வேண்டியதில்லை. யூ.பி.எஸ். பின்பக்கம் "யூ.பி.எஸ். / நார்மல்" என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யூ.பி.எஸ். நிலையில் வோல்ட் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது ஏற்காது. ஜெனரேட்டர் ஓடும்போது "நார்மல்" நிலைக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் ஏறாவிட்டால் இன்ஜின் வேகத்தைச் சர்வீஸ் ஆளிடம் சரிபாருங்கள்; 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்று வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றலாமா? இன்னொன்று, ஆறு மாதம் சும்மா கிடந்த ஜெனரேட்டர் எத்தனை முறை கயிறு இழுத்தாலும் கிளம்பவில்லை.
– வாசகர், அரூர்

ஓடும்போது கூடவே கூடாது. சூடான சைலன்சரில் ஒரு சொட்டு விழுந்தாலும் பற்றிக்கொள்ளும். அணைத்து, 15, 20 நிமிடம் ஆறவிட்டு, பகல் வெளிச்சத்திலோ டார்ச் வெளிச்சத்திலோ ஊற்றுங்கள். இரவு முழுக்க ஓட்ட வேண்டியிருந்தால் படுக்குமுன் நிறுத்தி நிரப்பிக்கொள்ளுங்கள். டாங்க் கழுத்துவரை நிரப்பாமல் ஒரு விரல் இடம் விடுங்கள்; பெட்ரோல் சூட்டில் விரியும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், மூடி போட்ட கேன் வாங்குங்கள், சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

கிளம்பாததற்குக் காரணம் அனேகமாகப் பழைய பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், கார்புரேட்டர் அதைத்தான் முதலில் குடிக்கும். மீதிப் பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி ஜெட் துளையை அடைக்கும். டாங்கைக் காலி செய்து, கார்புரேட்டர் அடியிலுள்ள டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைத்து, இடைவெளி 0.7 மி.மீ. இருக்கிறதா பாருங்கள். ஆயில் அளவைக் குச்சியில் பாருங்கள். குறைந்திருந்தால் சென்சார் இன்ஜினைக் கிளம்பவே விடாது. இத்தனைக்கும் கிளம்பாவிட்டால் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெக்கானிக் வேண்டும்.

இனி எடுத்து வைக்கும்போது பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள், கார்புரேட்டர் காலியாகிவிடும். மாதம் ஒருமுறை 15 நிமிடம் இரண்டு ஃபேன் லோடாவது கொடுத்து ஓட்டுங்கள். ஆயிலை முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள். அவ்வளவு ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய தேதியை டாங்கின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வையுங்கள்.